கழுத்துக் கோடு

சுபோதினிக்குத் தன் வாயின் மேல் அபார நம்பிக்கை. இருக்கத்தானே செய்யும், இருபத்திரண்டு வருடமாக அந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறாள். இறையியல் கல்லூரியொன்றில் எபிரேய மொழியும் தீர்க்கதரிசனங்களும் படிப்பிக்கிறவள். வெள்ளவத்தையில் ரயில் பாதையோரத்து மாடிவீடொன்றில் தனியாக இருக்கிறாள். கல்லூரியில் பிள்ளைகள் கொட்டாவி விட்டாலும் விடுவார்கள். புதன்கிழமை பின்னேரங்களில் கொட்டாஞ்சேனைச் சேர்ச்சின் பின்மண்டபத்தில் அவள் எடுக்கும் வகுப்பில் ஒருத்தர் அசைய மாட்டார். பதின்மூன்று பேர் வருவார்கள். பன்னிரண்டு பேர் வேதக்காரர். பதின்மூன்றாவது ஆள் நாகேந்திரம்.

நாகேந்திரம் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் அந்த வகுப்புக்கு வருவார். எழுபது வயது. போருக்கு முன் வடக்கே பரந்தனில் ட்ராக்டர் திருத்திக்கொண்டிருந்தவர், இப்போது மட்டக்குளியில் களனி கங்கைக் கரையோரம் வாடகைக்கு இருக்கிறார். ஒருநாள் மண்டபத்து மின்விசிறிகளைத் திருத்த வந்தவர் ஏணியில் நின்றபடியே பாடத்தைக் கேட்டார். பிறகு இறங்கி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பின் ஒரு புதன்கூடத் தவறவில்லை. "என்ன அங்கிள், மதம் மாறப் போறீங்களோ?" என்று யாரோ பகிடி விட்டபோது, "சீச்சீ, நான் சைவம். இந்தக் கொழும்பில ஆமி படையெடுத்து வாறதைப் பற்றி வெளிப்படையாக் கதைக்கிற இடம் இது ஒண்டுதான். அதுக்குத்தான் வாறன்" என்று சொல்லிவிட்டார்.

உண்மைதான். அந்த வகுப்பில் வேறு என்ன கதை? அசீரியன் வருகிறான், பாபிலோனியன் வருகிறான், ஊர் எரிகிறது, சனம் மூட்டை கட்டுகிறது. நாகேந்திரத்துக்கு அதில் ஒரு சொல்லுக்கும் அகராதி தேவைப்படவில்லை.

ஐப்பசிக் கடைசியில் சுபோதினி ஆற்றுத் தீர்க்கதரிசனத்தை எடுத்தாள். எருசலேம் சனம் குடித்தது சீலோவா என்ற சின்ன ஓடைத் தண்ணீர், சத்தமே போடாமல் ஓடுகிற தண்ணீர். வடக்கே இரண்டு அரசர்கள் சேர்ந்து படையெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் யூதா நாட்டு ராசா பயந்துபோனான். பெரிய துணை வேண்டுமென்று அசீரியப் பேரரசனுக்கு ஆள் அனுப்பினான். அப்போதுதான் ஏசாயா தீர்க்கதரிசி எழுந்து நின்று சொன்னார். சின்ன ஓடை பிடிக்கவில்லையா, நல்லது, பெரிய ஆறே வரட்டும். ஐபிராத்து நதி கரையெல்லாம் புரண்டு, அக்கம்பக்கத்து நாடுகளை முடித்துவிட்டு, உங்கள் நாட்டுக்குள்ளும் புகுந்து கழுத்துவரை ஏறும். அவர் ஆறு என்றது தண்ணீரை அல்ல, அசீரியப் படையை.

"படையை ஏன் ஆறு எண்டவர்?" என்று சுபோதினி கேட்டாள். "ஏனெண்டா ஆத்தோட பேச்சுவார்த்தை நடத்த ஏலாது. அதுக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எங்கையோ மேல கூடும், கீழ வரும். எகிப்துக்காரன்ர படையை நைல் நதி பொங்கி வாறமாதிரி எண்டு இன்னொரு தீர்க்கதரிசி சொல்லுவார். எல்லாருக்கும் ஒரே பயம்தான்."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் சுபோதினி இல்லையே. வகுப்பு முடிகிற நேரம், முகங்களெல்லாம் வாடிப்போயிருந்தன. சனத்தைத் தெம்பாக அனுப்ப வேண்டுமென்று அவளுக்கு ஓர் ஆசை. கையைத் தன் கழுத்துக்குக் குறுக்கே வைத்தாள். "ஆனா கவனியுங்கோ! கழுத்தோட நிண்டிட்டுது. தலை மூழ்கேல்லை. எருசலேம் தப்பிச்சுது. எவ்வளவு பெரிய ஆறு வந்தாலும் கடவுள் கழுத்துக்கு மேல ஏறவிட மாட்டார்!"

மண்டபம் கைதட்டியது. நாகேந்திரம் சட்டைப் பையிலிருந்த சின்ன டயறியை எடுத்து அந்த வசனத்தை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். சுபோதினி அதைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முழு வழியும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. மூன்று நாள் இரவு பகலென்று பாராமல் கொட்டியது. மலைநாட்டில் மண் சரிந்தது, பாலங்கள் போயின. சனிக்கிழமை காலையில் கொழும்பில் வானம் பளிச்சென்று வெளித்துவிட்டது. கண் கூசும் வெயில். வெள்ளவத்தை முழுக்கப் பல்கனிகளில் நாலு நாள் உடுப்புத் தொங்கியது. சுபோதினியும் தன் பங்குக்குத் துவாயை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மிஸ், நான் மஷூர். த்ரீவீல் ஓட்டுற மஷூர். மட்டக்குளியில நாகேந்திரம் அங்கிள்ட பக்கத்து ஊடு."

"சொல்லுங்கோ மஷூர்."

"இங்க ஆறு ஏறுது மிஸ். எல்லாரையும் போகச் செல்லி ஸ்பீக்கர்ல கத்துறாங்க. பாதிப் பேர் போய்ட்டாங்க. இந்த மனிசன் மட்டும் வாறாரில்ல. ஆன்ட்டியையும் உடுறாரில்ல. அவக்கு நடக்கவும் ஏலாது, ஒங்களுக்குத் தெரியும்தானே? கேட்டா, கழுத்துக்கு மேல வராதாம். சுபோதினி ரீச்சர் சென்னாவாம்."

சுபோதினிக்கு முதலில் கோபம்தான் வந்தது. விசரோ இந்த மனுசனுக்கு! யாருடைய கழுத்து, எந்த ஆறு, எத்தனை ஆயிரம் வருடத்துக் கதை! வாய் திறந்து ஏசப்போனவள் டயறியையும் அந்த இரண்டு கோட்டையும் நினைத்தாள். "நான் வாறன். அவரை விட்டிட்டுப் போயிடாதேங்கோ மஷூர்" என்று மட்டும் சொன்னாள். நாகேந்திரத்தின் நம்பருக்கு நாலு தரம் அடித்தாள். ஆள் எடுக்கவில்லை.

காலி வீதியில் கைகாட்டி ஒரு த்ரீவீலை மறித்து ஏறினாள். மட்டக்குளி என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "வெஸ்ஸ நேனே மிஸ்" என்றான். மழைதான் இல்லையே, இனி என்ன அவசரம் என்பது அவன் கணக்கு. அவள் போனில் ஆற்று மட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். களனி கங்கையில் மேலேயிருந்து கீழே அளவு பார்க்கிற இடங்கள் வரிசையாக இருக்கின்றன. மலையடிவாரத்தில் கிளென்கோர்ஸ், அதற்குக் கீழே ஹங்வெல்ல, கடைசியாகக் கொழும்புக்குள்ளேயே, மட்டக்குளிக்குச் சற்று மேலே, நாகலகம் வீதி. கிளென்கோர்ஸில் நேற்று மத்தியானமே அபாய மட்டம் தாண்டிவிட்டது. ஹங்வெல்லவில் இன்று விடியப்புறம் தாண்டி, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. நாகலகம் வீதியில் இனித்தான். கொள்ளுப்பிட்டியில் சனம் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தது.

மட்டக்குளியில் அந்த ஒழுங்கை ஆற்றைத் தடுக்கிற மண்கட்டுக்கு வெளிப்பக்கம், ஆற்றோடு ஒட்டியபடி இருந்தது. கட்டின் மேல் ஓர் ஆமி லொறி நின்றது. பக்கத்தில் ஒரு வள்ளம் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. சனம் மெத்தையும் காஸ் சிலிண்டருமாய் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் எல்லோரும் இல்லை. வெயிலைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். ஆறு ஒரு சத்தமும் இல்லாமல், மண்ணிறமாய், ஒழுங்கையின் கடைசி வீட்டுப் படியை நக்கிக்கொண்டு போனது. ஒரு வாழைக்குற்றி மிதந்து போனது. அந்த அமைதிதான் சுபோதினியைப் பயப்படுத்தியது.

மஷூர் த்ரீவீலைக் கட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றான். "உள்ளுக்குப் போய்ப் பாருங்க மிஸ். கண்காட்சி வெச்சீக்கிறாரு" என்றான்.

கண்காட்சிதான். வரவேற்பறை சுவர் நாலிலும் ஒரே உயரத்தில் ஒரு கோடு ஸ்க்ரூட்ரைவரால் ஆழமாகக் கீறப்பட்டிருந்தது. ரசமட்டம் வைத்து இழுத்த கோடு, ஒரு நூல் பிசகவில்லை. வீட்டுச் சாமான் முழுக்க அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது. மேசை மேல் மேசை போட்டு அதற்கு மேல் பிரிட்ஜ். அலுமாரிக்கு மேல் தையல் மெசின். முகட்டு வளையிலிருந்து கயிறு போட்டு அரிசி மூட்டையையும் கட்டித் தூக்கியிருந்தார். சாமிப் படங்கள் இன்னும் மேலே. கீழே வெறும் தரையில் ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரை. அதில் அவருடைய மனைவி சிவக்கொழுந்து உட்கார்ந்திருந்தார். பாரிசவாதம் வந்து இரண்டு வருடம், இடப்பக்கம் எழும்பாது. மடியில் ஒரு பழைய றெக்சின் பை.

"வாங்கோ ரீச்சர்!" நாகேந்திரத்தின் முகம் மலர்ந்துவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டி, வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். சுவரோடு நிமிர்ந்து நின்று கோட்டைத் தொட்டுக் காட்டினார். "பாருங்கோ, என்ர கழுத்து. சரியா அளந்து கீறினனான். இதுக்குக் கீழ ஒரு சாமான் இல்லை. வந்திட்டுப் போகட்டும்."

"அங்கிள், அன்ரியைக் கூட்டிக்கொண்டு இப்ப வெளிக்கிடுங்கோ."

"ஏன்?"

"ஏனோ? ஆறு வருது!"

"ஓம், வருது. கழுத்துமட்டும். நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"நான் சொன்னது எருசலேமை! யூதா நாட்டை ஓர் ஆள் எண்டு நினைச்சு, அந்த நாட்டின்ர தலைநகரைத் தலை எண்டு சொல்றது. அது அசீரியப் படை அங்கிள். தண்ணி இல்லை."

"படையே கழுத்தோட நிண்டதெண்டா, தண்ணி எம்மாத்திரம்?" என்றார் நாகேந்திரம், அசையாமல்.

சுபோதினி எபிரேயம் சொன்னாள். உவமை என்றால் என்ன என்று சொன்னாள். அசீரியாவின் வரைபடத்தைக் காற்றில் விரலால் போட்டுக் காட்டினாள். நாகேந்திரம் புதன்கிழமை போலவே தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார், இடத்தை விட்டு நகரவில்லை. அவள் குரலை உயர்த்தினாள். "அன்ரிக்கு நடக்க ஏலாது! தண்ணி வந்தா என்ன செய்வீங்கள்?"

"தூக்கி உள்ளறைக் கட்டில்ல வைப்பன். பிறகும் ஏறினா, தூக்கிக்கொண்டு நிப்பன்."

"இவர் நிப்பார்" என்றார் சிவக்கொழுந்து. அவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தவர். "முந்தநாள் ஒரு கேத்தில் தண்ணி தூக்கினதுக்கு இடுப்பும் நாரியும் பிடிச்சுப் படுத்தவர், என்னைத் தூக்கிக்கொண்டு நிப்பாராம்."

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கிறன். வேறென்ன செய்ய ஏலும் எனக்கு?"

அதற்குப் பிறகு நாகேந்திரத்தின் குரல் மாறிவிட்டது. கட்டுப் பக்கம் கையை நீட்டினார். "ரீச்சர், உங்களுக்கு விளங்காது. பதினொரு தரம் இடம்பெயர்ந்தனாங்கள். பதினொரு தரம்! கடைசித் தரம் அந்த மாதிரி லொறியில ஏத்தித்தான் முகாமுக்குக் கொண்டு போனவங்கள். இவளையும் என்னையும் வேற வேற லொறியில. ஒன்பது நாள் இவள் எங்கை எண்டு தெரியாது எனக்கு. ஆமிக்கு ஓடினனான், ஓம், அதுக்கு வெக்கப்படேல்லை. தண்ணிக்கு ஓட மாட்டன். அந்த லொறியில ஏறவும் மாட்டன்."

சுபோதினிக்கு அப்போதுதான் பிடிபட்டது. இந்த மனுசன் உவமை விளங்காமல் நிற்கவில்லை. இனி எங்கேயும் ஓடத் தேவையில்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று பதினாறு பதினேழு வருடமாகக் காத்திருந்தவரிடம் அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள், அதுவும் கையைக் கழுத்தில் வைத்து, கைதட்டு வாங்குவதற்காக.

"அங்கிள், நான் சொன்னது பிழை" என்றாள்.

நாகேந்திரம் நிமிர்ந்து பார்த்தார்.

"உவமை பிழையில்லை. நான் முடிச்ச விதம் பிழை. அந்தத் தீர்க்கதரிசி கழுத்துமட்டும் எண்டு சொன்னது ஆறுதலுக்கு இல்லை. பயப்படுங்கோ எண்டு சொன்னவர். எருசலேம் தப்பினது பிறகு நடந்தது. சுத்தியிருந்த ஊரெல்லாம் தப்பேல்லை, நாப்பத்தாறு ஊர் போச்சுது. அதை நான் உங்களுக்குச் சொல்லேல்லை. வகுப்பு சந்தோஷமா முடியட்டும் எண்டு விட்டிட்டன்."

வெளியே மஷூர் ஹோர்ன் அடித்தான்.

"இப்ப நான் ஒண்டு கேக்கிறன். நீங்கள் பரந்தனை விட்டு எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"இதென்ன கேள்வி இப்ப? பூநகரி விழுந்தோடன."

"அண்டைக்குப் பரந்தனில ஷெல் விழுந்ததோ?"

"இல்லை."

"சத்தம்?"

"ஒரு சத்தமும் இல்லை. நல்ல வெயில். சனம் கடைக்குப் போய் வந்துகொண்டு நிண்டது. எங்களை விசரர் எண்டு பாத்துச் சிரிச்சவை."

"அப்ப ஏன் வெளிக்கிட்டனீங்கள்?"

நாகேந்திரம் அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பூநகரி விழுந்தா அடுத்தது பரந்தன்தானே ரீச்சர்! பரந்தன் போனா கிளிநொச்சி. வாற பாதை தெரிஞ்சவன் சத்தம் கேக்குமட்டும் நிப்பானோ?"

சுபோதினி போனை நீட்டினாள். "இதைப் பாருங்கோ. கிளென்கோர்ஸ் நேற்று விழுந்திட்டுது. ஹங்வெல்ல இண்டைக்கு விடிய விழுந்திட்டுது. இனி நாகலகம் வீதி. அதுக்கடுத்தது ஆர் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அவர் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். உதடு அசைந்தது, இடத்துக்கும் இடத்துக்கும் எத்தனை மணித்தியாலம் என்று எண்ணுகிறார். ட்ராக்டரின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பகுதி போயிற்று என்று சொல்கிற மனுசன் அல்லவா? அவருக்கு இனி யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

"மழை விட்டிட்டுது எண்டு நினைச்சன்" என்றார் மெல்ல. "மழை விட்டதால ஒண்டுமில்லை என்ன? அது அங்கை எப்பவோ வெளிக்கிட்டிட்டுது."

"ஓம் அங்கிள். இப்ப வெளிக்கிட்டா மஷூரின்ர த்ரீவீலில நீங்களும் அன்ரியும் ஒண்டாப் போவீங்கள். பின்னேரம் வெளிக்கிட்டா ஆமியின்ர வள்ளத்தில. முதல்ல ஆரை ஏத்துறது எண்டு அவங்கள்தான் சொல்லுவாங்கள்."

நாகேந்திரம் போனைத் திருப்பிக் கொடுத்தார். மனைவியைப் பார்த்தார். "பை?"

சிவக்கொழுந்து மடியிலிருந்த பையை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். "அடையாள அட்டை, மருந்துத் துண்டு, காணி உறுதி, மகளின்ர கனடா நம்பர். முந்தநாளே கட்டியாச்சு. உங்களுக்குத்தான் சுவர் கீற நேரம் போச்சு."

"அப்ப வெளிக்கிடு."

அதற்குப் பிறகு சுபோதினிக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. அந்த ஒழுங்கையில் அன்றைக்கு நாகேந்திரம் செய்தது ஒரு மாவட்ட அரச அதிபர் செய்கிற வேலை. பிளாஸ்டிக் கதிரையோடு மனைவியைத் தூக்க மஷூரையும் இன்னொருத்தரையும் பிடித்தார். த்ரீவீலில் ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டத் தொடங்கினார். தமிழ் வீட்டில், "ஹங்வெல்ல விழுந்திட்டுது! அரை மணித்தியாலம்தான்!" என்றார். சிங்கள வீட்டில், "ஹங்வெல்ல இவரய்!" என்று கையை விரித்தார். முடிந்துவிட்டது என்றால் எல்லோருக்கும் விளங்கும்தானே. சோறு வடித்துக்கொண்டிருந்தவள் பானையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள். டிவியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவனை மறித்து, "அதை வை! தாயைத் தூக்கு! டிவி பிறகு வாங்கலாம்!" என்று ஏசினார். "மருந்து எடுத்தியோ? பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ்? ஒரு போத்தல் தண்ணி? அப்ப போ. நிண்டு பாக்காதை, போ." ஸ்பீக்கர் காலையிலிருந்து கத்தியும் அசையாத சனம் நாகேந்திரம் கத்தியதும் அசைந்தது. பதினொரு தரம் ஓடிய மனுசனின் குரலில் இருக்கிற உறுதி ஸ்பீக்கருக்கு எங்கே வரும்?

கட்டின் அடியில் த்ரீவீல் ஏற்றத்தில் திணறியது. சிவக்கொழுந்தை இறக்கி மேலே தூக்க வேண்டியிருந்தது. லொறிப் பக்கமிருந்து சீருடையோடு ஓர் இளைஞன் ஓடி வந்து, "அம்மே" என்று கையை நீட்டினான். நல்ல எண்ணத்தோடுதான் வந்தான், முகத்தில் தெரிந்தது. நாகேந்திரம் ஒரு கணம் அப்படியே நின்றார்.

"எப்பா மல்லி. அபிம யனவா" என்றார் நாகேந்திரம். வேண்டாம் தம்பி, நாங்களே போகிறோம். குரலில் கோபமில்லை, பயமும் இல்லை. அந்த இளைஞன் தலையசைத்து, பாதையில் கிடந்த பீப்பாயைக் காலால் தள்ளி வழிவிட்டான். கதிரையோடு சிவக்கொழுந்து கட்டைத் தாண்டினார்.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு நாகலகம் வீதியில் அபாய மட்டம் தாண்டியது. ஆறு மணிக்கு ஒழுங்கையில் வீட்டுக் கதவுகள் பாதிக்கு மேல் மூழ்கிவிட்டன. வீடுகளில் ஒருத்தரும் இல்லை. கொட்டாஞ்சேனைச் சேர்ச்சின் பின்மண்டபத்தில், நாகேந்திரம் திருத்திய மின்விசிறிகளுக்குக் கீழே நாற்பத்தேழு பேர் பாய் விரித்துப் படுத்தார்கள். புதன்கிழமை வகுப்பு நடக்கவில்லை, இடமில்லை. சுபோதினி அன்று பருப்புக் கறிக்கு வெங்காயம் உரித்தாள். "ரீச்சர் படிப்பிக்கிற அளவுக்கு உரிக்கேல்லை" என்று சிவக்கொழுந்து சிரித்தார்.

ஏழாம் நாள் தண்ணீர் வடிந்தது. கழுவுவதற்கு எல்லோருமாகப் போனார்கள். சுபோதினி பழைய உடுப்பும் தும்புத்தடியுமாய் வந்தாள். வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேறு, பிரிட்ஜ் குப்புறக் கிடந்தது. அரிசி மூட்டை புளித்து நாறியது. மஷூர்தான் முதலில் சுவரைப் பார்த்தான். "யா அல்லாஹ்" என்றான்.

ஸ்க்ரூட்ரைவர் கோடு அப்படியே இருந்தது. அதற்கு மேலே, நாலு சுவரிலும், ஆறு தானும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தது, மண்ணிறத்தில், ரசமட்டம் வைத்ததுபோல. நாகேந்திரம் போய்ச் சுவரோடு முதுகை வைத்து நின்றார். சேற்றுக்கோடு அவருடைய உச்சந்தலைக்கு மேலே இருந்தது. கையை விரித்துத் தன் கோட்டிலிருந்து அதுவரை அளந்தார். ஒரு சாணும் ஐந்து விரலும்.

"உங்களை நான் சாகடிச்சிருப்பன் அங்கிள்" என்றாள் சுபோதினி. மறைக்காமல் சொன்னாள்.

"பிழை எண்டு நீங்களே வந்து சொன்னனீங்கள் ரீச்சர். எத்தினை பேர் வந்து சொல்லுவினம்?" என்றார் நாகேந்திரம். "அளந்தது நான்."

சிவக்கொழுந்தின் பிளாஸ்டிக் கதிரையைக் கழுவி, சேறு வழித்த இடத்தில் சுவரோடு போட்டு, அவரை உட்கார்த்தியிருந்தார்கள். அவர் அண்ணாந்து இரண்டு கோட்டையும் வடிவாகப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, அந்த ஸ்க்ரூட்ரைவர் இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"கொண்டு வாங்கோ. என்ர கழுத்தடியில ஒரு கோடு கீறுங்கோ."

நாகேந்திரத்துக்கு முதலில் விளங்கவில்லை. ஸ்க்ரூட்ரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். கதிரையில் இருக்கிறவளின் கழுத்துக்கு எட்ட வேண்டுமென்றால் குனிந்தால் போதாது, ஈரத் தரையில் முழங்கால் போட வேண்டும். போட்டார். முனையைச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் எழுந்து நின்றால் அந்தப் புள்ளி அவருடைய இடுப்புக்குக் கிட்டத்தான் வரும். முழங்காலில் நின்று பார்க்க, தன்னுடைய கோடு அங்கே, தலைக்கு மேலே. சேற்றுக்கோடு அதற்கும் மேலே. அந்தச் சனிக்கிழமை காலை முழுக்க அவள் இந்தக் கதிரையில்தான் இருந்தாள். நாலு சுவரையும் அளந்தவர் அவளை அளக்கவில்லை.

அவருடைய தோள் குலுங்கியது. முகாமிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் அழுது ஒருவரும் கண்டதில்லை. மஷூர் வெளியே போய்விட்டான். சுபோதினி ரசமட்டத்தை எடுத்து, அவர் பக்கத்தில் அதே சேற்றில் முழங்கால் போட்டு, சுவரில் நேராகப் பிடித்தாள்.

சிவக்கொழுந்து வலக்கையால் அவருடைய தலையைத் தொட்டார்.

"அழுதது காணும், நேராக் கீறுங்கோ. இனி எந்தத் தீர்க்கதரிசி என்ன சொன்னாலும் இந்தக் கோட்டைப் பாத்துத்தான் வெளிக்கிடுறது."

அவர் கீறினார்.